சீழ் நின்றுவிட்டது, ஸ்கேன் எதற்கு? காது எலும்பை அரிக்கும் கொலஸ்டியடோமா: வாசகர் கேள்வி பதில்

காது ஒழுகல் பற்றிக் கடலூர், புதுச்சேரிப் பக்கத்திலிருந்து வந்த கடிதங்களில் பல, கொலஸ்டியடோமா என்ற ஒரே சொல்லில் வந்து நிற்கின்றன. அந்த நோய்க்கு எடுக்கச் சொல்லும் ஸ்கேன்கள், அவற்றை வைத்து அறுவை சிகிச்சையைத் தீர்மானிக்கும் முறை ஆகியவை பற்றிய கேள்விகளை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். காது மூக்கு தொண்டைப் பிரிவும் ஸ்கேன் பிரிவும் சேர்ந்து பதில் எழுதுகிறோம்.

அப்பாவுக்கு 54 வயது. பல வருஷமாக வலது காதில் சீழ். அளவு கொஞ்சம்தான், நாற்றம்தான் தாங்க முடியவில்லை. சொட்டு மருந்து விட்டால் பத்து நாள் நிற்கும், மறுபடி வரும். இப்போது டாக்டர் காதுக்குள் கேமரா விட்டுப் பார்த்து, ‘எலும்பை அரிக்குது, சி.டி. எடுத்துட்டு வாங்க’ என்கிறார். சீழ்தான் நின்றுவிட்டதே, ஸ்கேன் எதற்கு? இது புற்றுநோயா?
வாசகர், கடலூர் முதுநகர்

புற்றுநோய் இல்லை. பெயரைக் கேட்டுக் கொலஸ்ட்ரால் என்றும் எண்ண வேண்டாம். 1838இல் ஜெர்மன் அறிஞர் யோகன்னஸ் முல்லர் வைத்த பெயர் அப்படியே தங்கிவிட்டது. உண்மையில் இது இடம் மாறிப் போன தோல். செவிப்பறையின் வெளிப்பக்கத்திலும் காதுக் குழாயிலும் இருக்கிற அதே தோல், இருக்கக் கூடாத நடுக்காதுக்குள் போய்ப் பை மாதிரி வளர்கிறது.

அது உள்ளே போவதற்குப் பெரும்பாலும் காரணம் மூக்கின் பின்புறத்திலிருந்து நடுக்காதுக்குக் காற்று கொண்டுபோகும் குழாய். அது ஒழுங்காகத் திறக்காவிட்டால் நடுக்காதில் காற்றழுத்தம் குறையும். செவிப்பறையின் மேல் பகுதி மெல்லிய ஜவ்வு. அது உள்ளே உறிஞ்சப்பட்டுக் குழிந்து பையாகும். தோல் என்றால் அது தினமும் உதிரும். கையில் உதிர்ந்தால் குளிக்கும்போது போய்விடும். பைக்குள் உதிர்ந்தது வெளியே வர வழியில்லாமல் வெங்காயத் தோல் போல அடுக்கடுக்காகச் சேர்கிறது. அதில் கிருமி குடியேறும்போதுதான் அந்த அழுகல் நாற்றம். பையின் ஓரத்து அழற்சியில் சுரக்கும் பொருள்களும் பையின் அழுத்தமும் சேர்ந்து சுற்றியுள்ள எலும்பைக் கரைக்கின்றன.

சொட்டு மருந்து கிருமியைக் கொல்லும், சீழை நிறுத்தும். தோல் பையைக் கரைக்காது. அப்பாவுக்குப் பத்து நாள் நிற்பதும் மறுபடி வருவதும் இதனால்தான். சீழ் நின்ற நாளிலும் பை உள்ளே இருக்கிறது, எலும்பு அரிபடுவதும் நடக்கலாம். எவ்வளவு அரித்திருக்கிறது, எந்தப் பக்கம் போயிருக்கிறது என்று வெளியிலிருந்து பார்க்கச் சிறந்த வழி சி.டி. ஸ்கேன்.

காதில் பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெய் விடுகிற பழக்கம் வீட்டில் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். ஹைட்ரஜன் பெராக்சைடும் வேண்டாம். குளிக்கும்போது பஞ்சில் வாசலைன் தடவிக் காதை அடைத்துக்கொள்ளட்டும்.

அம்மாவின் சி.டி. ரிப்போர்ட் கையில் இருக்கிறது. ‘எபிடிம்பனத்தில் சாஃப்ட் டிஷ்யூ, ஸ்கூட்டம் மழுங்கியுள்ளது, இன்கஸ் லாங் பிராசஸ் அரிப்பு, லேட்டரல் செமிசர்குலர் கால்வாய்ச் சுவர் மெலிவு, டெக்மென் சரியாக உள்ளது, சிக்மாய்டு சைனஸ் முன்தள்ளி உள்ளது’ என்று எழுதியிருக்கிறார்கள். ஒன்றும் புரியவில்லை. எதைக் கண்டு பயப்பட வேண்டும்?
வாசகி, பாகூர்

இந்த ரிப்போர்ட் எழுதியவர் ஒழுங்காக எழுதியிருக்கிறார். ஒவ்வொரு வரியும் அறுவை மருத்துவருக்கு ஒரு பதில்.

நடுக்காது என்பது காற்று நிறைந்த சிறு அறை. சி.டி.யில் காற்று கறுப்பாகவும் எலும்பு வெள்ளையாகவும் தெரியும். எபிடிம்பனம் என்பது அந்த அறையின் பரண், செவிப்பறைக்கு மேலே உள்ள இடம். அங்கே கறுப்புக்குப் பதில் சாம்பல் நிறம் தெரிகிறது என்பதுதான் ‘சாஃப்ட் டிஷ்யூ’. அந்தச் சாம்பல் தோல் பையாக இருக்கலாம், சீழ், சளி, சதை வளர்ச்சியாகவும் இருக்கலாம். நான்கையும் சி.டி. ஒரே நிறத்தில்தான் காட்டும். அதனால்தான் ரிப்போர்ட்டில் ‘கொலஸ்டியடோமாவாக இருக்கக்கூடும்’ என்று இழுப்பார்கள். அது தயக்கம் இல்லை, நேர்மை. மாறாக, நடுக்காதும், காதுக்குப் பின்னால் உள்ள மாஸ்டாய்டு எலும்பின் அறைகளும் முழுக்கக் கறுப்பாக, காற்றோடு இருந்தால், அங்கே கொலஸ்டியடோமா இருக்க வாய்ப்பே குறைவு. சி.டி. ‘இல்லை’ என்று சொல்வதில் ‘இருக்கிறது’ என்று சொல்வதைவிடக் கெட்டிக்காரன்.

அப்படியானால் சந்தேகம் எதனால் உறுதியாகிறது? அடுத்த வரியால். ஸ்கூட்டம் என்பது காதுக் குழாயின் மேற்சுவர் செவிப்பறையில் முடிகிற எலும்பு முனை. முகத்தை முன்னிருந்து பார்ப்பது போன்ற கொரோனல் வெட்டில், நல்ல காதில் அது கிளி மூக்குப் போலக் கூராகத் தெரியும். செவிப்பறையின் மேல் பகுதியிலிருந்து வளரும் பை முதலில் உரசுவது இந்த முனையைத்தான். அது தேய்ந்த பென்சில் மாதிரி ஆகிவிட்டது, பக்கத்தில் சாம்பலும் நிற்கிறது என்றால் கொலஸ்டியடோமா என்று நம்ப நல்ல காரணம் இருக்கிறது. அம்மாவின் படத்தில் மறு காதும் இருக்கும். இரண்டு பக்க முனைகளையும் அடுத்தடுத்து வைத்துக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் கண்ணுக்கே வித்தியாசம் தெரியும்.

இன்கஸ் என்பது பட்டடை எலும்பு. நடுக்காதில் சங்கிலியாக நிற்கும் சுத்தி, பட்டடை, அங்கவடி என்ற மூன்றில் நடுவில் இருப்பது. அதன் நீண்ட கால் மிக மெல்லியது, ரத்த ஓட்டமும் குறைவு. அதனால் பெரும்பாலும் முதலில் கரைவது அதுதான். கரைந்தால் சங்கிலி அறுந்து கேட்கும் திறன் குறையும். இது கவலைக்குரியதுதான், ஆனால் ஆபத்து இல்லை. செயற்கை எலும்பு வைக்க வழி உண்டு.

நீங்கள் கவனிக்க வேண்டிய வரி நான்காவது. லேட்டரல் செமிசர்குலர் கால்வாய் என்பது உடல் சமநிலையைக் காக்கும் அரைவட்டக் குழாய்களில் ஒன்று. பரணின் உள்சுவரில் புடைத்து நிற்பதால் தோல் பை முதலில் எட்டுகிற உட்காது உறுப்பு அதுதான். சுவர் மெலிந்திருந்தால் துளையாகவும் இருக்கலாம். வீட்டில் அம்மாவிடம் கேளுங்கள். காது வாசலுக்கு முன் இருக்கும் சிறு குருத்தெலும்பை அழுத்தும்போது தலை சுற்றுகிறதா? பெரிய சத்தம் கேட்டால் தள்ளாடுகிறாரா? ஆம் என்றால் அறுவைக்கு முன் மருத்துவரிடம் அவசியம் சொல்லுங்கள். துளை இருக்கிறது என்று முன்பே தெரிந்தால் அவர் வேலையின் வரிசையையே மாற்றுவார். மற்ற இடங்களையெல்லாம் சுத்தம் செய்து முடித்த பிறகு, கடைசியாகத்தான் துளையின் மேல் ஒட்டிய தோலைத் தொடுவார். அந்த இடத்தில் உறிஞ்சு குழாயை வைக்க மாட்டார். உடனே தசைச் சவ்வாலோ எலும்புத் தூளாலோ மூடிவிடுவார். தெரியாமல் தொட்டு உறிஞ்சினால் உட்காதின் நீர் வெளியேறி, கேட்கும் திறன் நிரந்தரமாகப் போகலாம்.

டெக்மென் என்பது பரணுக்கு மேல் உள்ள கூரை, அதற்கு மேல் மூளை. அது சரியாக இருப்பது நல்ல செய்தி. சிக்மாய்டு சைனஸ் என்பது மூளையிலிருந்து ரத்தம் இறங்கும் பெரிய நாளம். அது முன்தள்ளி இருப்பது நோய் இல்லை, பிறவி அமைப்பு. காதுக்குப் பின்னால் துளை போட்டு உள்ளே போகும் பாதை அம்மாவுக்குக் குறுகலாக இருக்கிறது என்று அர்த்தம். மருத்துவர் எந்த வழியாகப் போவது என்பதை இந்த வரி பாதி தீர்மானித்துவிடும்.

முக நரம்பின் குழாய் பற்றி ரிப்போர்ட்டில் வார்த்தை இல்லை. இருந்தாலும் ஒன்று சொல்கிறோம். நடுக்காதில் அந்த நரம்பை மூடிய எலும்பு முட்டை ஓட்டை விட மெல்லியது. சி.டி.யில் அது இல்லாதது போலத் தெரிந்தாலும் இருக்கலாம், இருப்பது போலத் தெரிந்தாலும் இல்லாமல் போகலாம். அனுபவமுள்ள அறுவை மருத்துவர் அந்த ஒரு விஷயத்தில் ஸ்கேனை நம்பி அஜாக்கிரதையாக இருக்க மாட்டார்.

தனியார் ஸ்கேன் மையத்தில் ரேடியோகிராபராக வேலை பார்க்கிறேன். காது சி.டி. எடுத்து அனுப்பினால் சில மருத்துவர்கள் ‘இது பயன்படாது’ என்று திருப்பி அனுப்புகிறார்கள். எங்கே தவறு நடக்கிறது?
வாசகர், வில்லியனூர்

அதிகம் நடக்கும் தவறு, தலை சி.டி. முறையிலேயே காதையும் எடுத்து 5 மி.மீ. வெட்டுகளாக அனுப்புவது. அங்கவடி எலும்பின் முழு உயரமே சுமார் 3 மி.மீ.தான். 5 மி.மீ. வெட்டில் அது முழுதாக விழுந்து காணாமல் போகும். வெட்டின் தடிமன் 0.5 அல்லது 0.6 மி.மீ. இருக்க வேண்டும். ஒன்றன் மேல் ஒன்று பாதி ஏறும்படி 0.3 மி.மீ. இடைவெளியில் மறுஉருவாக்கம் செய்யுங்கள்.

அடுத்தது படத்தின் பரப்பு. முழுத் தலையையும் ஒரே படத்தில் வைத்துவிட்டு, பிறகு காதைப் பெரிதாக்கிப் பார்த்தால் புள்ளிகள்தான் பெரிதாகும். வலது காதையும் இடது காதையும் தனித்தனியாக, ஒவ்வொன்றுக்கும் சுமார் 10 செ.மீ. பரப்பில், கூர்மையான எலும்பு வடிப்பானில் மறுஉருவாக்கம் செய்யுங்கள். விண்டோ அகலம் 4000, மையம் 700 பக்கம் வையுங்கள். மென்திசு விண்டோவில் மட்டும் அனுப்பினால் ஸ்கூட்டமும் சங்கிலியும் வெள்ளைத் திட்டாகத்தான் தெரியும்.

தலை சாய்ந்திருந்தால் வலதும் இடதும் ஒரே மட்டத்தில் வராது. ஒரு பக்கம் எலும்பு இல்லாதது போலத் தோன்றி ரிப்போர்ட் தவறும். லேட்டரல் செமிசர்குலர் கால்வாய் இரண்டு பக்கமும் ஒரே வெட்டில் முழு வளையமாகத் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் மட்டம் சரி. கொரோனல் படங்களை அந்த மட்டத்துக்குச் செங்குத்தாக எடுங்கள். குறுக்கு வெட்டில் சுத்தி எலும்பின் தலையும் பட்டடை எலும்பின் உடலும் சேர்ந்து கோன் ஐஸ் போலத் தெரிய வேண்டும். ஐஸ் உருண்டை கோனிலிருந்து நழுவியிருந்தால் அதை ரேடியாலஜிஸ்ட் கண்ணில் படும்படி குறித்து வையுங்கள்.

தாடையைக் கொஞ்சம் உள்ளே இழுத்துப் படுக்க வைத்தால் கண்ணின் லென்ஸ் கதிர்ப் பாதையிலிருந்து விலகும். காண்ட்ராஸ்ட் ஊசி சாதாரணமாகத் தேவையில்லை. கம்மல், ஜிமிக்கி, மூக்குத்தி, கொண்டை ஊசி எல்லாம் கழற்ற வேண்டும். ‘ஒரே ஒரு மூக்குத்திதானே’ என்று விட்டால் அதன் கோடுகள் நடுக்காதின் குறுக்கே விழும்.

கடைசியாக, ஃபிலிமோடு நிறுத்திவிடாதீர்கள். முழு டைகாம் படங்களையும் குறுந்தட்டிலோ பென் டிரைவிலோ கொடுங்கள். கடலூரில் எடுத்து ஜிப்மருக்குப் போகிறவர் ஃபிலிமை மட்டும் சுருட்டிக்கொண்டு போனால், அங்கே மருத்துவர் தான் விரும்பும் கோணத்தில் வெட்டிப் பார்க்க வழியே இல்லை. அதற்காகத்தான் மறுபடி எடுக்கச் சொல்கிறார்கள். நோயாளிக்குப் பணமும் கதிர்வீச்சும் இரண்டு தடவை.

என் தம்பிக்கு 14 மாதத்துக்கு முன் காதுக் குழாய்ச் சுவரை எடுக்காமல் ஆபரேஷன் செய்தார்கள். இப்போது ‘நான் இ.பி.ஐ. டிஃப்யூஷன் எம்.ஆர்.ஐ.’ கேட்கிறார்கள். பக்கத்தில் ஒரு மையத்தில் எம்.ஆர்.ஐ. எடுத்தோம், ‘மூளை நார்மல்’ என்று வந்தது. டாக்டர் ஏற்கவில்லை. சி.டி. எடுத்தாயிற்று, எம்.ஆர்.ஐ.யும் எடுத்தாயிற்று, இன்னும் என்ன?
வாசகி, நெய்வேலி

உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் இந்த இடத்தில் உங்கள் மருத்துவர் பக்கம்தான் நிற்போம். எடுத்த எம்.ஆர்.ஐ. அவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லவே இல்லை.

ஆபரேஷன் ஆன காதில் சி.டி. எடுத்தால் தழும்புத் திசு, சளி, வைத்த குருத்தெலும்பு, ஒருவேளை மிச்சமிருக்கும் தோல் எல்லாம் ஒரே சாம்பல். டிஃப்யூஷன் என்ற எம்.ஆர்.ஐ. முறை வேறு விஷயத்தைப் பார்க்கிறது. தண்ணீர் மூலக்கூறுகள் எவ்வளவு சுலபமாக நகர்கின்றன என்பதை அளக்கிறது. தழும்பிலும் சளியிலும் அவை ஓரளவு நகரும். அடுக்கடுக்காக நெருங்கிய உதிர்ந்த தோலில் நகர இடமில்லை. அதனால் கொலஸ்டியடோமா அந்தப் படத்தில் இருட்டில் வைத்த முத்துப் போல வெள்ளையாக ஒளிர்கிறது. கூடவே வரும் ஏ.டி.சி. படத்தில் அதே இடம் கறுத்திருக்க வேண்டும். இரண்டும் பொருந்தினால்தான் நம்பலாம்.

மூளைக்கு எடுக்கும் சாதாரண டிஃப்யூஷன் ‘எக்கோ பிளானர்’ வகை, சுருக்கமாக இ.பி.ஐ. பக்கவாதம் பார்க்க அது வேகமானது, நல்லது. ஆனால் காற்றும் எலும்பும் சந்திக்கும் காதுப் பகுதியில் அது படத்தையே வளைத்துவிடும். வெள்ளைத் திட்டு நோயா, வளைவால் வந்த பொய்யா என்று பிரிக்க முடியாது. 5 மி.மீ.க்குச் சிறியவை தப்பிவிடும். எக்கோ பிளானர் இல்லாத வகை, அதாவது உங்கள் மருத்துவர் கேட்ட ‘நான் இ.பி.ஐ.’, இந்த வளைவைப் பெரும்பாலும் நீக்கி 2 முதல் 3 மி.மீ. வரையுள்ள முத்தையும் காட்டும். ஒவ்வொரு கம்பெனி மெஷினிலும் அதன் பெயர் வேறு. சீமென்ஸில் ஹேஸ்ட் அல்லது பிளேடு, ஜி.இ.யில் ப்ரொபெல்லர் என்று கேட்டால் தெரியும். 3 டெஸ்லா மெஷின்தான் வேண்டும் என்று அலையத் தேவையில்லை. இந்த வேலைக்கு 1.5 டெஸ்லா போதும்.

சீட்டில் இப்படி எழுதி வாங்கிக்கொண்டு போங்கள்: ‘இரண்டு பொட்டெலும்பும், நான் எக்கோ பிளானர் டிஃப்யூஷன், கொரோனல், 2 முதல் 3 மி.மீ. வெட்டு, பி 0 மற்றும் பி 1000, ஏ.டி.சி. படத்துடன், கூடவே டி1, டி2. காண்ட்ராஸ்ட் வேண்டாம்.’ பணம் கட்டும் முன் மையத்துக்குப் போன் செய்து, அந்த முறை அவர்கள் மெஷினில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் வேறு மையம் போங்கள்.

ஏமாற்றும் விஷயங்களும் உண்டு. காதுக் குழாயில் அழுக்கு மெழுகு இருந்தால் அதுவும் ஒளிரும், சீழ்க் கட்டியும் ஒளிரும். அதனால் ஸ்கேனுக்கு முன் குழாயைச் சுத்தம் செய்துகொண்டு போக வேண்டும். ஆனால் பையே திறந்திருந்து அதனுள் இருந்த உதிர்தோலை மருத்துவர் அப்போதுதான் உறிஞ்சி எடுத்திருந்தால், வெறும் பை ஒளிராது, ‘இல்லை’ என்று தவறாக வரும். எப்போது சுத்தம் செய்தார்கள் என்ற தேதியையும் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். டி1 படம் கேட்பதற்குக் காரணம், கொலஸ்ட்ரால் கிரானுலோமா என்ற வேறொன்று டி1இலும் வெள்ளையாகத் தெரியும், கொலஸ்டியடோமா அப்படித் தெரியாது. தம்பி பல்லில் கம்பி போட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். இதயப் பேஸ்மேக்கரோ காக்ளியர் இம்பிளாண்டோ இருந்தால் மெஷின் அறைக்குள் நுழையும் முன்பே சொல்லி, அதற்கான அட்டையைக் காட்ட வேண்டும்.

இரண்டு மருத்துவர்களிடம் காட்டினோம். ஒருவர் ‘காதுக் குழாயின் சுவரை எடுத்துவிட வேண்டும்’ என்கிறார், இன்னொருவர் ‘சுவரை வைத்தே செய்யலாம், எண்டோஸ்கோப் போதும்’ என்கிறார். ஒரே சி.டி.தான் இருவரும் பார்த்தது. யாரை நம்புவது?
வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

இருவரும் சரியாக இருக்க வாய்ப்பு உண்டு. சுவரை எடுத்தால் காதுக் குழாயும் மாஸ்டாய்டும் ஒரே குகையாகும். உள்ளே மறைவிடம் குறையும், மிச்சம் தங்கினால் கண்ணுக்குத் தெரியும். விலை என்னவென்றால் அந்தக் குகை தானாகச் சுத்தமாகாது. 6 மாதம் முதல் ஒரு வருடத்துக்கு ஒரு தடவை, வாழ்நாள் முழுக்க மருத்துவர் சுத்தம் செய்ய வேண்டும். குளிர்ந்த தண்ணீர் போனால் தலை சுற்றும். காது கேட்கும் கருவி பொருத்துவதும் கஷ்டம். சுவரை வைத்தால் காது காதாகவே இருக்கும், ஆனால் உள்ளே மறைவில் தோல் மிஞ்சலாம். பின்னால் எம்.ஆர்.ஐ. எடுத்தோ, 9 முதல் 12 மாதத்தில் மறுபடி திறந்தோ பார்க்க வேண்டும்.

சி.டி.யில் அவர்கள் பார்ப்பது இவை. பை எவ்வளவு தூரம் பின்னால் போயிருக்கிறது? பரணோடு நின்றால் எண்டோஸ்கோப் என்கிற கேமராக் குழாயை வைத்துக் காது வாசல் வழியாகவே முடிக்கலாம். லேட்டரல் செமிசர்குலர் கால்வாயைத் தாண்டி மாஸ்டாய்டுக்குள் போய்விட்டால் எலும்பைத் துளைக்காமல் எட்டாது. எண்டோஸ்கோப்பை ஒரு கை பிடிக்க வேண்டியிருப்பதால் ரத்தம் அதிகமானால் வேலை தடுமாறும். மாஸ்டாய்டு எலும்பு தேன்கூடு போலக் காற்றறைகளோடு பெரிதாக இருந்தால், சுவரை எடுத்தால் குகையும் பெரிதாகும், எனவே சுவரை வைக்கத் தோன்றும். எலும்பு இறுகிச் சிறுத்திருந்தால், கூடவே சிக்மாய்டு சைனஸ் முன்தள்ளியும் மூளை உறை தாழ்ந்தும் இருந்தால், சுவரை வைத்துக்கொண்டு உள்ளே போக இடமே இருக்காது.

சைனஸ் டிம்பனி என்று ஒரு பொந்து உண்டு, முக நரம்புக்குப் பின்னால். மைக்ரோஸ்கோப் நேராகப் பார்ப்பதால் அது கண்ணில் படாது, 30 அல்லது 45 டிகிரி எண்டோஸ்கோப்பை உள்ளே விட்டால்தான் தெரியும். மிச்சம் தங்குகிற பிரியமான இடம் அதுதான். குறுக்கு வெட்டில் அந்தப் பொந்து ஆழமாகவும் சாம்பலாகவும் இருந்தால், எந்த முறையானாலும் கோண எண்டோஸ்கோப் கையில் இருக்க வேண்டும் என்று நாங்கள் சொல்வோம்.

ஸ்கேன் சொல்லாத விஷயங்களும் உண்டு. மறு காது நன்றாகக் கேட்கிறதா? கேட்கும் காது இது ஒன்றுதான் என்றால் எல்லோருமே பயந்துதான் கை வைப்பார்கள். ஸ்கேனுக்கும் செக்கப்புக்கும் தவறாமல் வர முடியுமா? கடலில் நாள்கணக்கில் போகிறவர், வெளிநாட்டில் வேலை பார்க்கிறவர் என்றால், எம்.ஆர்.ஐ. எடுக்க வருவாரா என்று மருத்துவர் யோசிப்பதும் நியாயம். இரண்டு மருத்துவர்களிடமும் இதைக் கேளுங்கள்: ‘நோய் மாஸ்டாய்டுக்குள் போயிருக்கிறதா? சைனஸ் டிம்பனியில் இருக்கிறதா? சுவரை வைத்தால் எத்தனை மாதத்தில் எதை வைத்துப் பரிசோதிப்பீர்கள்?’ மூன்றுக்கும் படத்தைக் காட்டிப் பதில் சொல்கிறவரை நம்பலாம்.

சுவரை எடுத்துவிட்டு, குகையை எலும்புத் தூளும் குருத்தெலும்பும் வைத்து நிரப்புகிற முறையும் இருக்கிறது. குகையின் தொல்லை குறையும். ஆனால் நிரப்பிய பிறகு அடியில் முத்து வளர்ந்தால் கண்ணால் பார்க்க முடியாது. எம்.ஆர்.ஐ. கட்டாயம்.

முதலமைச்சர் காப்பீட்டில் செய்துகொள்வதாக இருந்தால் மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேட்டு முன் அனுமதி வாங்கிக்கொண்டு சேருங்கள். சமீபத்திய ஆடியோகிராமும் (காது எவ்வளவு கேட்கிறது என்ற சோதனையின் சீட்டு) ஸ்கேன் குறுந்தட்டும் கூடவே இருக்கட்டும்.

காது நன்றாகத்தான் கேட்கிறது. ஆடியோகிராமும் கிட்டத்தட்ட நார்மல். அப்படியும் ஆபரேஷன் வேண்டுமா?
வாசகர், பண்ருட்டி

வேண்டும். பட்டடை எலும்பு கரைந்து போன இடத்தில் தோல் பையே பாலமாக நின்று சத்தத்தைக் கடத்துவது உண்டு. காது கேட்பதை வைத்து எலும்பு பத்திரமாக இருக்கிறது என்று எண்ணக் கூடாது. பையை எடுத்த பின் கேட்பது முன்பைவிடக் குறையலாம். இதை ஆபரேஷனுக்கு முன்பே உங்களிடம் சொல்ல வேண்டும், நீங்களும் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு அங்கவடி எலும்பின் மேல் பகுதி மிஞ்சியிருந்தால் ஒரு வகை, அடித்தகடு மட்டும் இருந்தால் இன்னொரு வகை டைட்டானியம் எலும்பு வைப்பார்கள். பெரும்பாலும் 6 முதல் 12 மாதம் கழித்து.

8 வயது மகளுக்குச் செவிப்பறை ஓட்டையே இல்லை, பின்னால் வெள்ளையாக முத்து மாதிரி தெரிகிறது என்கிறார்கள். சி.டி. கதிர்வீச்சு குழந்தைக்குக் கெடுதல் இல்லையா?
வாசகி, லாஸ்பேட்டை

முழுச் செவிப்பறைக்குப் பின்னால் வெள்ளை முத்து என்றால் பிறவியிலேயே வந்த வகையாக இருக்கலாம். பெரும்பாலும் செவிப்பறையின் முன் மேல் பகுதியில் இருக்கும். ஆபரேஷனுக்கு முன் ஒரு சி.டி. தேவைதான். குழந்தைக்கான குறைந்த அளவில், காதுப் பகுதியை மட்டும், ஒரே தடவை எடுக்கச் சொல்லுங்கள். பின்னால் தொடர்ந்து பார்ப்பதை எம்.ஆர்.ஐ.யில் வைத்துக்கொண்டால் கதிர்வீச்சே இல்லை. 8 வயதுக் குழந்தை பெரும்பாலும் மயக்க மருந்து இல்லாமலே படுத்துவிடும், மெஷின் சத்தத்தை முன்பே போனில் கேட்கவைத்துப் பழக்கினால். குழந்தைகளுக்கு இது பெரியவர்களைவிட வேகமாக வளரும், மறுபடி வருவதும் அதிகம். தள்ளிப் போடாதீர்கள்.

காது ஒழுகும் என் சித்தப்பாவுக்கு நேற்றிலிருந்து வாய் ஒரு பக்கம் கோணியிருக்கிறது. குளிர்காற்று பட்டது, எண்ணெய் தேய்த்தால் சரியாகும் என்கிறார்கள்.
வாசகர், அரியாங்குப்பம்

தேய்க்க வேண்டாம். பத்திரிகையில் பதில் வரும் வரை காத்திருக்கக் கூடாது என்பதால் இவருக்கு உடனே பதில் அனுப்பிவிட்டோம். மற்றவர்களுக்காகவும் இங்கே எழுதுகிறோம். ஒழுகும் காதோடு வாய் கோணினால் நோய் முக நரம்பைத் தொட்டுவிட்டது என்று வைத்துக்கொண்டு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். கடும் தலைச்சுற்றல், காதுக்குப் பின்னால் வீக்கம், காய்ச்சலோடு தலைவலியும் வாந்தியும், கழுத்து விறைப்பு ஆகியவையும் இதே வரிசை. இந்த நிலையில் சாதாரண சி.டி. போதாது. காண்ட்ராஸ்ட் கொடுத்த சி.டி.யோ, ரத்த நாளத்தில் உறைவு இருக்கிறதா என்று பார்க்கும் எம்.ஆர். வெனோகிராமோ தேவைப்படும்.

ஆபரேஷன் முடிந்து 5 மாதம். காது காய்ந்துவிட்டது. மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினம் கடலில் முழுக்குப் போடலாமா? எம்.ஆர்.ஐ. வேறு எடுக்க வேண்டுமாம், வலியே இல்லையே?
வாசகர், மஞ்சக்குப்பம்

சுவரை எடுத்த காது என்றால் முழுக்கு வேண்டாம். கடல் தண்ணீர் குகைக்குள் போனால் அங்கேயே தலை சுற்றும். அலைக்குள் தலை சுற்றுவது உயிருக்கே ஆபத்து. தோளோடு நிறுத்திக்கொண்டு தலையில் தெளித்துக்கொள்ளுங்கள், சாமி குறை சொல்லாது. சுவரை வைத்த காது என்றால் மருத்துவர் செவிப்பறையைப் பார்த்து ஆறிவிட்டது என்று சொன்ன பிறகு, வாசலைன் பஞ்சு வைத்து முழுகலாம். மூக்கைப் பொத்திக்கொண்டு ஆழத்துக்கு டைவ் அடிப்பது மட்டும் கூடாது.

மிச்சத் தோல் வளரும்போது வலிக்காது. 2 மி.மீ. முத்துக்கு நாற்றமும் இல்லை. வெளியே தெரியும்போது அது மறுபடி எலும்பைத் தொட்டிருக்கும். சுவரை வைத்திருந்தாலோ குகையை நிரப்பியிருந்தாலோ, முதல் எம்.ஆர்.ஐ.யை ஆபரேஷனிலிருந்து 9 முதல் 12 மாதத்துக்குள் எடுங்கள். அதற்கு முன் எடுத்தால் முத்து கண்ணில் படும் அளவுக்கு வளர்ந்திருக்காது, ‘இல்லை’ என்று வந்து உங்களை ஏமாற்றும். முதல் படம் சுத்தமாக இருந்தாலும் நிறுத்த வேண்டாம். 5 வருடம் வரை மருத்துவர் சொல்கிற இடைவெளியில் எடுங்கள். உங்களுக்கு இன்னும் 4 மாதம் இருக்கிறது. ஆபரேஷன் குறிப்பும் பழைய குறுந்தட்டும் எந்தப் பையில் இருக்கின்றன என்று இப்போதே தேடி ஒன்றாக வையுங்கள். அவை இல்லாமல் புதுப் படத்தைப் படிப்பவருக்கு, வைத்த குருத்தெலும்பு எது, புதிதாக வந்தது எது என்று பிரிக்க வழி இருக்காது.